பேசாத தம்பியோடு செஸ்

என் தம்பி முதல் காயாக ஓரத்துச் சிப்பாயைத்தான் நகர்த்துவான். செஸ் தெரிந்தவர்கள் யாரும் அப்படி ஆரம்பிக்கமாட்டார்கள். நடுவில் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராணிக்கும் மந்திரிக்கும் வழி திறந்துவிடுவதுதான் முறை. இவன் வலது ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டவன் போல உட்கார்ந்திருப்பான். ஏன்டா என்று கேட்டால், மொதல்ல வேலி, அப்பறம்தான் வெதப்பு என்பான். பள்ளிக்கூடத்தில் ஆடிய நாளிலிருந்தே இந்தக் கிறுக்கு அவனிடம் உண்டு.

ஐந்து வருடம் நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஐந்து வருடமும் என் போனில் அந்த ஓரத்துச் சிப்பாய் நகர்ந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்துபோகும். திட்டிக்கொண்டே பார்ப்பேன். இன்னும் திருந்தவில்லை இந்தக் கழுதை என்று.

எங்களுக்குப் பாளையம்பட்டியில் கடை. பி.வி.சி. பைப்பு, மோட்டார் சாமான். என் வீட்டுக்காரர் லோடு எடுக்க மதுரைக்குப் போய்விடுவார், அல்லது யாருடைய கிணற்றிலாவது மோட்டார் இறக்கிக்கொண்டிருப்பார். கல்லாவில் நான்தான். காலையில் கொஞ்சம் கூட்டம் இருக்கும். மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரம். தம்பி பரளச்சிப் பக்கம் எங்கள் பிறந்த ஊரில் விவசாயம் பார்க்கிறான். மானாவாரி நிலம், கரிசல். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான்.

போனில் செஸ் ஆடலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே என் மகள்தான். நான் தம்பிக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் அவகாசம் உள்ள ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவன் காட்டில் வேலை முடித்துவிட்டு நகர்த்துவான், நான் கடையில் ஆள் இல்லாதபோது நகர்த்துவேன். ஆட்டத்தில் அவன் தனக்குப் பெயராகத் தன் டிராக்டர் நம்பரை வைத்திருந்தான். படம் போடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் ஒரு காய் நகர்த்திவிட்டுப் போன் பண்ணி, "பாத்தியா எப்பிடி அடிச்சேன்னு" என்று பீற்றிக்கொள்வான்.

பேச்சு முறிந்ததற்கு யாரும் காரணமில்லை, நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆனது.

நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் போய் நின்று அழைக்க வேண்டும். பங்காளிக்கு, சம்பந்திக்கு, தெருக்காரருக்கு எல்லோருக்கும் அப்படித்தான். கொரோனா ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. போனிலேயே அழைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் என் வீட்டுக்காரர் வகையில் ஒரு வீட்டைக்கூட நான் விடவில்லை. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு காரியாபட்டி வரைக்கும் போய்த் தாம்பாளத்தை நீட்டினேன். ஒரு வீட்டில் விட்டாலும் நாளைக்குப் பேச்சு வரும் என்ற பயம். தம்பிக்கு மட்டும் பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன். நம்ம தம்பிதானே, அவனுக்கு என்ன சம்பிரதாயம் என்று நினைத்தேன். சத்தியமாக அன்பில்தான் நினைத்தேன். ஆனால் அன்பு என்று நினைத்துக்கொண்டு நாம் செய்கிற சோம்பேறித்தனம் எவ்வளவோ இருக்கிறது.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

பால் காய்ச்சுகிற அன்று பிறந்த வீட்டுச் சீர் வந்து வாசலில் இறங்க வேண்டும். குத்துவிளக்கு, பித்தளைப் பானை, அரிசி, பருப்பு. அது வந்து இறங்கினால்தான் ஒரு பொம்பளைக்கு அவள் கட்டிய வீட்டில் மரியாதை. பத்து மணி வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, எல்லோரும் குலவை போட்டார்கள், எனக்கு மட்டும் குலவை வரவில்லை. அப்புறம் பைப்பு வாங்க வந்த அவன் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார். "ஒங்க தம்பி டீக்கடையில வச்சுச் சொல்லிட்டிருந்தாப்ல. எங்கக்கா ஊருக்கெல்லாம் வெத்தலை பாக்கு வச்சா, எனக்கு மட்டும் போன்ல படம் அனுப்புனான்னு. கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு."

கண் கலங்கியதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. டீக்கடையில் போய் என் மானத்தை வாங்கிவிட்டானே என்று. போன் பண்ணி நாலு வார்த்தை கேட்டேன். அவனும் கேட்டான். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தவள் நான், இவன் வாசலில் போய் நான் நிற்பதா?

அவன் ஒன்றை மட்டும் பிளாக் பண்ணவில்லை. பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஆரம்பித்த ஆட்டம் ஒன்று பாதியில் இருந்தது. சண்டை போட்டு இரண்டாம் நாள் மத்தியானம் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தால், அவன் குதிரை பாய்ந்து என் சிப்பாயைத் தூக்கியிருந்தது. கோபத்தில் அடித்த அடி. அடுத்த காயில் அந்தக் குதிரையை நான் எடுத்துவிடலாம் என்பதைக்கூட அவன் யோசிக்கவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அந்தக் குதிரையை எடுத்தேன். ஆட்டம் ஆட்டம்தானே.

அப்படித்தான் ஐந்து வருடம் ஓடியது. ஒரு ஆட்டம் முடிந்தால் மறுபடி ஆடலாமா என்று கேட்கிற பொத்தான் இருக்கும். யார் தோற்றாலும் அவர் அதை அழுத்துவார். ஒருவருக்கொருவர் செய்தி எழுதிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு எழுத்துக்கூட இரண்டு பேரும் எழுதியதில்லை.

ஒரு மனிதனை அவன் ஆடுகிற விதத்தை வைத்து மட்டும் ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டால், நான் ஒரு நாள் முழுக்கச் சொல்லுவேன்.

அவனுக்குக் குதிரை என்றால் உயிர். யானையைக் கொடுத்தாவது குதிரையைக் காப்பாற்றுவான். கணக்குப்படி அது முட்டாள்தனம். ஆனால் இரண்டு குதிரையும் கையில் இருக்கும்போது அவனை யாரும் அசைக்க முடியாது, எந்தப் பக்கத்திலிருந்து பாயும் என்றே தெரியாது. ராஜாவைக் கோட்டைக்குள் ஒதுக்கிவைக்க மாட்டான். எல்லோரும் பத்து காய்க்குள் ராஜாவை ஒரு மூலைக்குக் கொண்டுபோய் யானையைக் காவலுக்கு வைத்துவிடுவார்கள். இவன் ராஜா பட்டப்பகலில் நடுரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். அதனாலேயே எத்தனையோ ஆட்டம் தோற்றான். ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளவும் மாட்டான். நான் ராணியை நேராக நிறுத்தி, வாடா, கொடுத்து வாங்கிக்குவோம் என்று நின்றால், அவன் ராணியை நகர்த்திக்கொண்டு ஓடுவான்.

அவனுடைய பெரிய பலம் கடைசியில்தான் தெரியும். பலகையில் காயெல்லாம் ஒழிந்து, ஆளுக்கு ஒரு ராஜாவும் இரண்டு மூன்று சிப்பாய்களும் மிஞ்சுகிற நேரத்தில் எனக்கு அலுத்துப்போகும். அவனுக்கு அப்போதுதான் ஆட்டமே ஆரம்பம். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவான். ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். இன்னொரு கட்டம். ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்க்க ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்வான். மானாவாரிக்காரனுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோற்கும்போதும் அப்படித்தான். எல்லாம் போய் ஒற்றை ராஜா மிஞ்சினாலும், தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிற பொத்தானை அழுத்தவே மாட்டான். கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டே இருப்பான். துரத்தித் துரத்தி எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

குறை என்று சொன்னால், அவனிடம் எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அவனுடைய காய் எதையாவது நான் எடுத்துவிட்டால், எடுத்த அந்தக் காயைத் தேடிவந்து அடிப்பான். வேறு நல்ல வாய்ப்பு கண் முன்னால் இருந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். என் மந்திரி அவன் சிப்பாயைத் தொட்டுவிட்டால் போச்சு, அந்த மந்திரியைப் பழி தீர்க்கிற வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? வேண்டுமென்றே ஒரு சிப்பாயைத் தட்டிவிட்டு, தட்டிய காயைத் தூண்டில் மாதிரி விட்டுவைப்பேன். அவன் அதன் பின்னாலேயே வருவான். நான் அந்தப் பக்கமாகப் போய் ராஜாவைப் பிடிப்பேன். ஐந்து வருடத்தில் நான் ஜெயித்த ஆட்டத்தில் பாதி இப்படி ஜெயித்ததுதான். அவன் ரோசத்தை வைத்தே அவனை ஜெயித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆனால் ஜெயிப்பதற்காகவா நான் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்? ஐப்பசி பிறந்தால் அவன் காய்கள் நிலைகொள்ளாமல் அலையும். முன்னால் போன குதிரை பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். மழை வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு நாள் அசைவே இருக்காது. மூன்றாம் நாள், அவகாசம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அவசர அவசரமாக ஒரு காய் நகரும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்களே, அப்படி ஒரு காய். சும்மா நிற்கிற யானையை என் வாய்க்குள் கொண்டுவந்து வைத்திருப்பான். நான் அந்த யானையை எடுக்கமாட்டேன். அங்கே மழை பெய்து, பயல் விதைத்துக்கொண்டிருக்கிறான் என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரிப்பேன். பாளையம்பட்டியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். தெற்கே எட்டிப் பார்த்தால் மேகம் கறுத்துக் கிடக்கும்.

ஒரு மாசியில் ஒவ்வொரு காயும் ஐந்து நிமிடத்தில் வந்தது. நான் நகர்த்திய உடனே அவனும் நகர்த்தினான். பகல் முழுவதும் அப்படி. வேலை இல்லாமல் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான் என்று பட்டது. எங்கே? மனது கேட்கவில்லை. அவன் ஊர்க்காரர் யாராவது கடைக்கு வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு நாள் கழித்து ஒருவர் வந்தார். தம்பி பொண்டாட்டிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், அருப்புக்கோட்டையில்தான், ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார்கள் என்றார். என் கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். அவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு ஆடியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு நாளும் அவன் பக்கத்தில் நான் இருந்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்கும். இல்லாவிட்டால் ஏன் அத்தனை வேகம்?

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். தலை நிறைய வீம்பு இருக்கிறவளுக்கு அதெல்லாம் அப்புறம்தான் தோன்றும்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் பேசி, வீட்டோடு வைத்து நிச்சயம் பண்ணினோம். சித்திரையில் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணம் அப்பன் இல்லாமல்கூட நடந்துவிடும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துதான் பெண்ணை மணவறையில் உட்காரவைக்க வேண்டும். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் முதல் சொல் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும்.

"ஒந்தம்பி வரலேன்னா என்ன, ஒங்க சித்தப்பா மகனை நிறுத்திக்கிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதையும் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி மாற்றிவிடலாம் என்று நினைப்பு.

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில யாரை நிறுத்துவீக?" என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு ஆட்டத்தில் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்த கடைசிக் கட்டம். எனக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், அவனுக்கு ராஜாவும் மூன்று சிப்பாயும். இன்னும் இரண்டு கட்டம் போனால் அவன் சிப்பாய் ராணியாகிவிடும். என் காயை நகர்த்திவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டத்தில் முதல் தடவையாக எழுத ஆரம்பித்தேன். மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், நீதான்டா என்று எழுதியவள் நிறுத்திவிட்டேன். மறுபடியும் போனா? எந்தத் தப்பினால் அவனை இழந்தேனோ அதையே மறுபடி செய்யப் பார்த்தேன். அழித்துவிட்டேன். நேரில் போக வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை போகலாம், நாள் நன்றாக இல்லை, அடுத்த புதன்கிழமை போகலாம் என்று மனதுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவன் வாங்க என்று சொல்லாவிட்டால் வாசலிலிருந்து திரும்ப வேண்டியிருக்குமே என்பதுதான் பயம். நாளெல்லாம் வெறும் சாக்கு.

ஆட்டத்தில் நான் நகர்த்தியதற்கு அவன் பதில் காய் நகர்த்தவில்லை. ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் போனது. விதைப்பு இல்லை, அறுப்பு முடிந்துவிட்டது, மிளகாய் வற்றல் காய்கிற மாதம். மூன்றாம் நாள் கடையில் ஒருவர் நாலு இஞ்ச் பைப்பு கேட்டதற்கு இரண்டு இஞ்ச் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பாக்கி, அரை மணி நேரம் பாக்கி. போனைக் கல்லாவின் மேலேயே வைத்திருந்தேன். நகர்த்துடா, நகர்த்துடா என்று வாய்விட்டே சொன்னேன். நேரம் முடிந்தது, நீங்கள் வெற்றி பெற்றீர்கள் என்று வந்தது. வண்ணக் காகிதம் தூவுகிற மாதிரி ஒரு படம் வேறு.

ஒற்றை ராஜாவை வைத்துக்கொண்டு ஓடுகிறவன், ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். மறுபடி ஆடலாமா என்று நான் அழுத்தினேன். அதற்கும் பதில் இல்லை.

சாயங்காலம் என் மகள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். ஆட்டங்களை எல்லாம் ஆராய்ந்து, ஆடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லுகிற வசதி அதில் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் தமிழில் சொன்னாள். "மாமாவோட பலம் கடைசி ஆட்டமாம். முன்னேற வேண்டியது ராஜாவைப் பாதுகாக்குறது, நேரத்தை ஒழுங்கா பயன்படுத்துறதாம்."

"நேரமா? கரிசல்ல ஈரம் காயிறதுக்குள்ள வெதைக்கணும்னு அந்த மிஷினுக்குத் தெரியுமா?" என்று எனக்குக் கோபம் வந்தது. "சரி, எனக்கு என்ன போட்ருக்கு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீ நல்லா தாக்குறியாம்மா. ஆனா எதிர்ல இருக்கவுக என்ன நினைக்கிறாகன்னு பாக்குறதே இல்லையாம்."

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. நல்ல காரியத்துக்கு யாரும் கிளம்பாத கிழமை. தாம்பாளத்தைக் கட்டைப்பையில் வைத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மல்லிகைப்பூ எல்லாம் வாங்கிக்கொண்டு, கடையைப் பூட்டச் சொல்லி வீட்டுக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், அதைத் தாண்டி அறுத்துப்போட்ட கரிசல். ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி பொண்டாட்டி வாசலில் காயப்போட்ட மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மதினி, வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளே பார்த்தாள். அவன் வெளியே வந்தான். ஐந்து வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது. இது மட்டும் எந்தக் காயிலும் எனக்குத் தெரியவில்லை.

"வாங்க மச்சான், உக்காருங்க" என்றான் என் வீட்டுக்காரரைப் பார்த்து. எனக்கு வாங்க இல்லை. நான் நின்றேன். பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து வெற்றிலையை அடுக்கினேன். ஒரு பழம் உருண்டது. தம்பி பொண்டாட்டி எடுத்து வைத்தாள்.

"என்ன விசேசம்?" என்றான், தெரியாதவன் மாதிரி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"ஒம் மருமகளுக்குச் சித்திரையில கல்யாணம். தாய்மாமன் நீ முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

"பத்திரிகை அடிச்சாச்சா?"

"ஒங்கிட்டச் சொல்லாம எப்பிடிடா அடிக்கிறது?"

என் வீட்டுக்காரர் இருமினார். நான் தாம்பாளத்தைப் பிடித்தபடியே நின்றேன். கை வலித்தது. "அன்னைக்குப் போன்ல அனுப்புனது தப்புத்தான்டா" என்றேன். "ஒனக்குத்தான மொதல்ல வந்து வச்சிருக்கணும். நம்ம தம்பிதானன்னு ஏத்தமா இருந்துட்டேன்."

"அதச் சொல்ல அஞ்சு வருசமா ஒனக்கு?" குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. "நிச்சயமானதே பால்காரன் சொல்லித்தான் தெரியுது எனக்கு. தெனமும் எங்கூட ஆடுற. ஒரு வார்த்தை தோணலையாக்கா? அதான் போதும்னு விட்டுட்டேன்."

அக்கா என்று சொல்லிவிட்டான். அவனுக்கே அது தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, பொண்டாட்டியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினான். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வற்றல் நெடி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

கல்யாணத்தில் அவன் குறை வைக்கவில்லை. மேளம் வைத்து, ஊர்ச் சனத்தைத் திரட்டி, வரிசைத் தட்டுகளோடு அருப்புக்கோட்டை மண்டபத்துக்கு வந்து இறங்கினான். பால் காய்ச்சுக்குக் கொண்டுவராத குத்துவிளக்கையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தான். மருமகளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் போட்ட குலவை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதெல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறான்.

"நல்லாருக்கியாக்கா?"

"நல்லாருக்கேன். நீ?"

"நல்லாருக்கேன். மச்சான் எப்பிடி இருக்காக? மக வந்தாளா?"

"வந்தா. மழை பேஞ்சுச்சா?"

"பேஞ்சுச்சு, பேஞ்சுச்சு. சரிக்கா, வைக்கிறேன்."

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஊரில் எத்தனை அக்கா தம்பிக்கு இதுகூட இல்லை. போன மாதம் அவன் ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து வாஷர் வாங்கினார். பேச்சுவாக்கில், "ஒங்க தம்பி பாவம், மக்காச்சோளம் பூராத்தையும் பன்னி அழிச்சிருச்சு, ஒரு கதிர் மிஞ்சல" என்றார். எப்போது என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகிறதாம். அந்த மூன்று வாரத்தில் அவன் மூன்று தடவை எனக்குப் போன் பண்ணியிருந்தான். மூன்று தடவையும் நல்லாருக்கேன் என்றான். நானும் நல்லது என்று வைத்துவிட்டேன். அவன் குரலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆட்டத்தில் இருந்திருந்தால், ஒரே ஒரு காயில் பிடித்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வந்தபோது சோளத்தைப் பற்றிக் கேட்டேன். "அது கெடக்குக்கா, அதப் போயி ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல" என்றான். பேசிக்கொள்கிற இரண்டு பேருக்குள் மரியாதை வந்துவிடுகிறது. கஷ்டத்தைச் சொல்லி அக்காளை வருத்தப்படுத்தக் கூடாது என்கிற மரியாதை.

"ஏலே, மறுபடி ஒரு ஆட்டம் போடுவமா?" என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

அவன் சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் நான் கேட்ட சிரிப்பு.

"அது எதுக்குக்கா இனி? அதான் பேசுறோம்ல."